உடைந்த பாகத்தை வரைந்து பிரிண்ட் எடுக்கலாம்: வீட்டில் செய்த சி.என்.சி. மெஷினுக்கு உதிரி பாகம்

பிரிண்டர் என்றவுடன் தாளில் அச்சடித்துத் தரும் சாதனம்தான் நம் நினைவிற்கு வரும். கம்ப்யூட்டரில் ஒரு கடிதத்தை டைப் செய்து, கன்ட்ரோல் + பி அழுத்தினால் கடிதம் தாளில் வந்துவிடுகிறது. இதே போல ஒரு பிளாஸ்டிக் பாகத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அந்தப் பாகத்தையே கையில் எடுக்கவும் முடியும். இதற்கு 3டி பிரிண்டர் என்று பெயர். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கூட இதனைச் செய்திடலாம். எப்படி என்பதனை, வீட்டில் செய்த சி.என்.சி. மெஷின் ஒன்றில் உடைந்த பாகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு பார்க்கலாம்.

சி.என்.சி. என்றால் என்ன?

கம்ப்யூட்டர் நியூமெரிக்கல் கன்ட்ரோல் என்பதன் சுருக்கமே சி.என்.சி. மெஷினின் வெட்டும் முனை எங்கே செல்ல வேண்டும் என்பதை எண்களாகக் கொடுத்தால், மெஷின் அதன்படி நகர்ந்து மரத்தையோ உலோகத்தையோ வெட்டும். எண்களால் இயங்கும் மில்லிங் மெஷின் 1952ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் இயக்கிக் காட்டப்பட்டது. பல ஆண்டுகள் இது பெரிய தொழிற்சாலைகளில் மட்டுமே இருந்தது. ஆர்டுயினோ என்னும் சிறிய எலெக்ட்ரானிக் போர்டும், அதில் இயங்கும் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச சாப்ட்வேரும் (2009) வந்த பிறகு, ஆர்வமுள்ளவர்கள் வீட்டிலேயே சிறிய சி.என்.சி. மெஷின்களைச் செய்யத் தொடங்கினார்கள்.

இத்தகைய மெஷினில் முக்கியமானவை நான்கு. முதலாவது ஸ்டெப்பர் மோட்டார். இது ஒரு சுற்றை 200 சிறு படிகளாகப் பிரித்துச் சுற்றும். இரண்டாவது லீட் ஸ்குரூ. அதாவது மரை உள்ள நீண்ட கம்பி. மோட்டார் இதனைச் சுழற்றும். மூன்றாவது பித்தளை நட். கம்பி சுழலும்போது இந்த நட் முன்னும் பின்னும் நகரும். நான்காவது இந்த நட்டை மேசையுடன் இணைத்துப் பிடிக்கும் பிராக்கெட். நட் நகர்ந்தால் பிராக்கெட் நகரும். பிராக்கெட் நகர்ந்தால் மேசை நகரும். நம் கதை இந்த பிராக்கெட்டில்தான் இருக்கிறது.

நடந்தது என்ன?

என் சித்தப்பாவிற்கு மரவேலைப் பட்டறை உள்ளது. பெயர்ப்பலகைகள், பூஜை அறைக் கதவுக்கான பூவேலைப் பலகைகள் செய்து தருகிறார். இதற்கான சி.என்.சி. மெஷினை அவரே செய்தார். எலெக்ட்ரானிக்ஸ், சாப்ட்வேர் வேலையை நான் பார்த்துக் கொண்டேன். சென்ற ஆண்டு ஒரு கிரகப்பிரவேசத்திற்கு நான்கு நாட்கள் இருக்கும்போது, தேக்குப் பலகையில் பாதி பூவேலை முடிந்த நிலையில், மேசை நின்றுவிட்டது. மோட்டார் சுற்றுகிறது, லீட் ஸ்குரூ சுழல்கிறது, மேசை மட்டும் நகரவில்லை. குனிந்து பார்த்தால், 6 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் செய்திருந்த பிராக்கெட் இரண்டாகப் பிளந்திருந்தது.

கடையில் வாங்கிய மெஷின் என்றால் உதிரி பாகம் கேட்டு வாங்கலாம். வீட்டில் செய்த மெஷினின் அளவுகள் அதற்கு மட்டுமே உரியவை. எந்தக் கடையிலும் அந்த பிராக்கெட் கிடைக்காது. நாமேதான் வரைய வேண்டும். “கண்ணு, அந்தப் பலகையைக் கழட்டாம வேலையை முடிக்க முடியுமா?” என்பதுதான் சித்தப்பாவின் கேள்வி. பலகையைக் கழற்றி மீண்டும் பொருத்தினால், பாதி முடிந்த பூவும் மீதிப் பூவும் ஒன்றோடொன்று சேராது. அத்தனை அகலத் தேக்குப் பலகை இன்னொன்று அவரிடம் இல்லை.

முதல் வேலை: உடைந்த துண்டைப் பார்ப்பது

உடைந்த பாகத்தை உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். புதிய பாகத்தை எப்படி வரைய வேண்டும் என்பதை அந்தத் துண்டுதான் சொல்லும். மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

1. இந்தப் பாகம் எதனை எதனுடன் இணைக்கிறது?
2. எந்தத் திசையில் இழுக்கப்படுகிறது அல்லது தள்ளப்படுகிறது?
3. விரிசல் எங்கே தொடங்கியிருக்கிறது?

எங்கள் பிராக்கெட் ஆங்கில எழுத்தான எல் வடிவில் இரு தகடுகளைச் சேர்த்துச் செய்தது. ஒரு தகடு மேசையின் அடியில் திருகப்பட்டிருக்கும். அதற்குச் செங்குத்தான மற்றொரு தகடு நட்டைப் பிடித்திருக்கும். மேசை முன்னும் பின்னும் நகரும் ஒவ்வொரு முறையும் இந்த நட் தகடு வளைக்கப்படுகிறது. அந்த விசை முழுவதும் மூலையில் விழுகிறது. விரிசலும் மூலையை ஒட்டிய ஸ்குரூ ஓட்டையில்தான் தொடங்கியிருந்தது. அக்ரிலிக் விறைப்பான பொருள்; ஆனால் வளைந்து கொடுக்காது, ஓட்டையின் ஓரத்தில் எளிதில் பிளக்கும். ஆகவே அதே வடிவத்தை அப்படியே காப்பி செய்தால், அதே இடத்தில்தான் மீண்டும் உடையும். மூலைக்குப் பலம் தர வேண்டும் என்பது இதிலிருந்து தெரிந்தது.

அளவெடுத்தல்

ஸ்கேல் இதற்குப் போதாது. டிஜிட்டல் காலிப்பர் ஒன்று தேவை. ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுத்து ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். இரு ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை நேரடியாக அளப்பது கடினம். ஓட்டைகள் இரண்டும் ஒரே அளவு என்றால், ஒன்றின் உள் விளிம்பிலிருந்து மற்றொன்றின் உள் விளிம்பு வரை அளந்து, அதனுடன் ஓர் ஓட்டையின் விட்டத்தைக் கூட்டினால் மையத் தூரம் கிடைத்துவிடும்.

எங்கள் மெஷினில் இருப்பது டி8 என்னும் 8 மி.மீ. லீட் ஸ்குரூ. அதன் பித்தளை நட்டில் எடுத்த அளவுகள்: வட்டத் தட்டின் விட்டம் 22 மி.மீ.; தகட்டினுள் நுழையும் பகுதியின் விட்டம் 10.2 மி.மீ.; ஸ்குரூ ஓட்டைகள் நான்கு, எதிரெதிர் ஓட்டைகளின் மையத் தூரம் 16 மி.மீ. மேசையின் அடிப்பகுதியிலிருந்து லீட் ஸ்குரூவின் மையம் 30 மி.மீ. கீழே இருந்தது. இந்த 30 மி.மீ. மிக முக்கியம். இது தவறினால் கம்பி வளைந்து சுழலும்.

கம்ப்யூட்டரில் வரைதல்

இதற்குப் பல சாப்ட்வேர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ப்ரீகேட் என்பது முழுமையான இன்ஜினியரிங் சாப்ட்வேர். புதியவர்களுக்கு எளிதானது டிங்கர்கேட். இதனை இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, பிரவுசரிலேயே இயங்கும். இலவச அக்கவுண்ட் ஒன்றைத் தொடங்கினால் போதும்.

புதிய டிசைன் ஒன்றைத் திறந்தால் கட்டம் போட்ட தளம் ஒன்று கிடைக்கும். இதற்கு வொர்க்பிளேன் என்று பெயர். வலது பக்கம் பாக்ஸ், சிலிண்டர் போன்ற வடிவங்கள் இருக்கும். அவற்றை மவுஸால் இழுத்துத் தளத்தில் விடலாம். வடிவத்தைக் கிளிக் செய்தால் அதன் அளவுகள் காட்டப்படும். அந்த எண்ணின் மீது கிளிக் செய்து நமக்கு வேண்டிய அளவை டைப் செய்திடலாம். பிராக்கெட்டை வரைந்த முறை இதுதான்.

1. பாக்ஸ் ஒன்றை இழுத்து விட்டு, அகலம் 36, நீளம் 48, உயரம் 8 எனத் தரவும். இது நட்டைப் பிடிக்கும் தகடு. அக்ரிலிக்கை விட இந்த பிளாஸ்டிக் சற்று வளையும் என்பதால் 6க்குப் பதிலாக 8 மி.மீ.

2. இரண்டாவது பாக்ஸ்: அகலம் 36, நீளம் 8, உயரம் 38. இதனை முதல் பாக்ஸின் ஓரத்தோடு ஓரமாக நிறுத்தவும். இது மேசையில் திருகப்படும் பகுதி. இப்போது எல் வடிவம் கிடைத்துவிட்டது.

3. வெட்ஜ் என்ற ஆப்பு வடிவத்தை எடுத்து, 36 அகலத்தில் 10க்கு 10 என அமைத்து உள் மூலையில் பொருத்தவும். பழைய பாகத்தில் இல்லாத பலம் இதுதான்.

4. சிலிண்டர் ஒன்றை எடுத்து ஹோல் என மாற்றவும். ஹோல் என்றால், அந்த வடிவம் உள்ள இடம் வெட்டி நீக்கப்படும். விட்டம் 10.5, உயரம் 20 எனத் தரவும். தகட்டின் அகலத்தில் நடுவிலும், மேசையைத் தொடும் வெளிப்பக்கத்திலிருந்து 30 மி.மீ. தூரத்திலும் அதன் மையம் இருக்க வேண்டும்.

5. 3.4 மி.மீ. விட்டத்தில் நான்கு ஹோல் சிலிண்டர்களை, நடு ஓட்டையின் மையத்திலிருந்து நான்கு திசைகளிலும் 8 மி.மீ. தள்ளி வைக்கவும். நான்கையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + ஜி அழுத்தி குரூப் செய்து, 45 டிகிரி திருப்பவும். இவ்வாறு திருப்பினால் கீழ் ஸ்குரூக்களின் நட் ஆப்பின் மீது இடிக்காது.

6. மேசையில் திருகும் பகுதியில் 5.4 மி.மீ. விட்டத்தில் இரண்டு ஓட்டைகள். அவற்றின் இடைவெளி 20 மி.மீ. நட் தகட்டின் வெளிப்பக்கத்திலிருந்து 28 மி.மீ. தூரத்தில் இவை இருக்க வேண்டும்.

7. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து மீண்டும் கன்ட்ரோல் + ஜி. ஓட்டைகளுடன் கூடிய ஒரே பாகம் கிடைக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிங்கர்கேட்டில் சிலிண்டர் என்பது உண்மையான வட்டம் இல்லை. வழக்கமாக 20 பக்கங்கள் கொண்ட பலகோணம். இதனால் 10.5 மி.மீ. ஓட்டை, பக்கங்களுக்கு இடையே அளந்தால், சுமார் 0.13 மி.மீ. சிறியதாகிவிடும். சிலிண்டரைத் தேர்ந்தெடுத்ததும் கிடைக்கும் பெட்டியில் சைட்ஸ் என்பதை 64 ஆக உயர்த்தவும்.

வரைந்து முடித்தவுடன் எக்ஸ்போர்ட் பட்டனைக் கிளிக் செய்து எஸ்.டி.எல். வகையைத் தேர்ந்தெடுத்தால், பைல் கம்ப்யூட்டரில் சேவ் ஆகும். பிரிண்டருக்கான முப்பரிமாண வடிவங்கள் பெரும்பாலும் இந்த வகை பைலில்தான் தரப்படுகின்றன.

ஸ்லைசர்: எந்தப் பக்கம் படுக்க வைப்பது?

3டி பிரிண்டர் பிளாஸ்டிக் இழையை உருக்கி, மெல்லிய அடுக்குகளாக ஒன்றன் மீது ஒன்றாக இட்டுப் பாகத்தை உருவாக்குகிறது. நாம் வரைந்த பைலை இப்படி அடுக்குகளாக வெட்டித் தரும் சாப்ட்வேர் ஸ்லைசர் எனப்படும். குரா, புரூசாஸ்லைசர் ஆகிய இரண்டும் இலவசம்.

அடுக்குக்குள் பிளாஸ்டிக் ஒரே இழையாக ஓடுகிறது. அங்கே பலம் அதிகம். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே ஒட்டு மட்டுமே உள்ளது. அங்கே பலம் குறைவு. விறகைப் பிளப்பவர்களுக்கு இது தெரியும். இழையோடு வெட்டினால் மரம் எளிதில் பிளக்கும். குறுக்கே வெட்டினால் பிளக்காது.

எல் வடிவ பிராக்கெட்டை அதன் ஒரு தகடு கீழே தட்டையாகப் படும்படி பிரிண்ட் செய்தால், மூலையில் அடுக்குகளின் ஒட்டு வருகிறது. மேசை இழுக்கும் விசை அந்த ஒட்டைப் பிரிக்கப் பார்க்கும். அதையே பக்கவாட்டில் படுக்க வைத்தால், ஒவ்வோர் அடுக்கும் முழு எல் வடிவமாக இருக்கும். இழை மூலையைச் சுற்றி ஓடும். ஆகவே ஸ்லைசரில் பைலைத் திறந்ததும், எல் எழுத்து தளத்தில் படுத்திருப்பது போல் திருப்பி வைக்கவும். இந்த ஒரு திருப்பம், இன்னும் எத்தனை கிராம் பிளாஸ்டிக் சேர்ப்பதையும் விடப் பயன் தரும்.

மற்ற செட்டிங்குகள்: அடுக்கின் உயரம் 0.2 மி.மீ., சுவர்கள் 4, உள் நிரப்பல் 40 சதவீதம். பலம் பெரும்பாலும் சுவர்களில்தான் இருக்கிறது என்பதால் நிரப்பலைக் கூட்டுவதற்கு முன் சுவர்களைக் கூட்டவும். உள்ளே முழுவதும் நிரப்பினாலும் இந்த பிராக்கெட் சுமார் 31 கிராம்தான். ஒரு கிலோ பிலமென்ட் சுருளில் இது போல் முப்பதுக்கு மேல் எடுக்கலாம்.

எந்த பிளாஸ்டிக்?

பி.எல்.ஏ. என்பது பிரிண்ட் செய்வதற்கு மிக எளிது. ஆனால் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இளகத் தொடங்கிவிடும். தொடர்ந்து ஓடும் ஸ்டெப்பர் மோட்டார், கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாவது சாதாரணம். தகரக் கூரை போட்ட பட்டறையின் கோடை வெப்பமும் இதனுடன் சேரும். பி.இ.டி.ஜி. சுமார் 80 டிகிரி வரை தாங்கும். உடைவதற்கு முன் சற்று வளைந்தும் கொடுக்கும். ஏ.பி.எஸ். சுமார் 100 டிகிரி வரை தாங்கும். ஆனால் பிரிண்ட் ஆகும்போது ஓரங்கள் சுருண்டு எழும்பக் கூடியது. எங்கள் பிராக்கெட்டிற்கு பி.இ.டி.ஜி. தேர்ந்தெடுத்தோம்.

மோட்டாரைப் பிடிக்கும் பாகம் வரைபவர்களுக்கு ஒரு வசதி. நெமா 17 வகை மோட்டார்களின் முகப்பு அளவுகள் பொதுவானவை: முகப்பு சுமார் 42.3 மி.மீ. சதுரம், ஸ்குரூ ஓட்டைகளின் இடைவெளி 31 மி.மீ., நடு வளையம் 22 மி.மீ. விட்டம்.

முதலில் சோதனைத் துண்டு

முழு பாகத்தையும் பிரிண்ட் செய்ய சில மணி நேரம் ஆகும். அதற்கு முன், 3 மி.மீ. தடிமனில் ஒரு சிறு தகட்டில் 10.3, 10.5, 10.7 மி.மீ. என மூன்று ஓட்டைகள் வரைந்து பிரிண்ட் செய்திடுங்கள். உருகிய பிளாஸ்டிக் உள்நோக்கிச் சற்றுத் தள்ளி நிற்பதால், வரைந்த அளவை விட ஓட்டை சிறியதாகவே வரும். நட்டை ஒவ்வொன்றிலும் நுழைத்துப் பார்த்து, ஆடாமலும் சுத்தியலால் அடிக்காமலும் நுழையும் அளவை எடுத்துக் கொள்ளவும். ஒவ்வொரு பிரிண்டருக்கும் இது மாறும். பக்கவாட்டில் படுக்க வைத்துத்தான் பாகத்தை எடுக்கப் போகிறோம் என்பதால், சோதனைத் தகட்டையும் அதே போல் நிறுத்தி எடுக்க வேண்டும்.

சொந்தமாக 3டி பிரிண்டர் இல்லையா? கவலை வேண்டாம். எஸ்.டி.எல். பைலை வாங்கிப் பிரிண்ட் செய்து தரும் கடைகள் நகரங்களில் உள்ளன. பைலை மட்டும் தராமல், என்ன பிளாஸ்டிக், எத்தனை சுவர், எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். இவை எஸ்.டி.எல். பைலுக்குள் இருக்காது. நாங்களும் கடையில் கொடுத்துத்தான் எடுத்தோம். மறுநாள் மாலை பாகம் கைக்கு வந்தது.

பொருத்துதல்

மெஷினின் பிளக்கைப் பிடுங்கிய பிறகே கையை உள்ளே விடவும். நட்டின் வட்டத் தட்டு, பிராக்கெட்டின் வெளிப்பக்கத்தில் படிய வேண்டும். 16 மி.மீ. நீளமுள்ள எம்3 ஸ்குரூக்களை, வாஷர் போட்டு மாட்டவும். மேசை ஸ்குரூக்களை முதலில் தளர்வாக விட்டு, லீட் ஸ்குரூவைக் கையால் சுழற்றி, மேசையை மோட்டார் இருக்கும் முனை வரை கொண்டு வரவும். அங்கே வைத்து இறுக்கினால் பிராக்கெட் கம்பிக்கு நேராக நிற்கும். பிறகு மறு முனை வரை கையாலேயே சுழற்றிப் பாருங்கள். எங்கேயாவது இறுகினால் மீண்டும் தளர்த்தி நேர் செய்யவும்.

அடுத்து அளவு சரி பார்த்தல். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. டிரைவர் ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரிக்கிறது. எங்கள் கம்பி ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்துகிறது. 200 x 16 / 8 = 400. ஒரு மி.மீ.க்கு 400 படிகள் என்பது ஜி.ஆர்.பி.எல். செட்டிங்கில் இருக்க வேண்டும். மேசையை 100 மி.மீ. நகரச் சொல்லி அளந்து பாருங்கள். அதன் பின் 10 மி.மீ. முன்னும், 10 மி.மீ. பின்னும் நகரச் சொல்லி, புறப்பட்ட இடத்திற்கே வருகிறதா எனப் பார்க்கவும். வரவில்லை என்றால் எங்கோ ஆட்டம் இருக்கிறது.

இனி சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். பலகையை நாங்கள் கிளாம்பிலிருந்து எடுக்கவே இல்லை. பிராக்கெட்டைக் கழற்றினாலும், பலகை மேசையோடு சேர்ந்துதான் நகரும். ஆனால் மெஷினுக்கு ஆரம்பப் புள்ளி எது என்பது மறந்து போயிருக்கும். சித்தப்பா வேலையைத் தொடங்கும்போது பலகையின் ஓரத்தில் ஒரு சிறு ஊசித் துளை போட்டு, அதையே ஆரம்பப் புள்ளியாக வைப்பது வழக்கம். கூர்முனை பிட் ஒன்றை அந்தத் துளையில் சரியாக இறக்கி, அங்கே எல்லா அச்சுகளையும் பூஜ்யமாக்கினோம். வெட்டும் பிட்டை மாட்டிய பிறகு, உயரத்திற்கான பூஜ்யத்தை மட்டும் மீண்டும் எடுத்தோம்.

பிறகு வெட்டும் பைலை நோட்பேடில் திறந்து, அதன் ஆரம்ப வரிகளை அப்படியே வைத்துக் கொண்டு, முடிந்துவிட்ட பகுதியின் வரிகளை மட்டும் நீக்கி வேறு பெயரில் சேவ் செய்தேன். நீக்கும்போது, பிட் மேலே தூக்கப்படும் வரியிலிருந்து மீதி தொடங்க வேண்டும். இல்லையென்றால் பிட் மரத்தைக் கிழித்துக் கொண்டே நகரும். இரவு பத்து மணிக்கு மீதிப் பூ முடிந்தது. சேர்ந்த இடத்தை சித்தப்பா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பாலிஷ் போட எடுத்துச் சென்றார். கதவு நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

எவற்றைப் பிரிண்ட் செய்யக் கூடாது?

வெட்டும் பிட்டைப் பிடிக்கும் காலெட் போன்ற பாகங்களைப் பிளாஸ்டிக்கில் செய்யவே கூடாது. வேகமாகச் சுழலும்போது உடைந்தால் உயிருக்கு ஆபத்து. மோட்டாரையும் லீட் ஸ்குரூவையும் இணைக்கும் கப்ளிங்கை அலுமினியத்தில் வாங்கிவிடுங்கள். வீட்டு மின்சாரம் நேரடியாக வரும் இணைப்புகளுக்கான பெட்டியையும் கடையிலேயே வாங்கவும்.

பைலைப் பத்திரப்படுத்துங்கள்

பாகம் பொருந்திவிட்டது என்று பைலை மறந்துவிட வேண்டாம். ஒரு போல்டர் உருவாக்கி அதில் எஸ்.டி.எல். பைல், அளவுகள் எழுதிய தாளின் போட்டோ, பயன்படுத்திய பிளாஸ்டிக், சுவர் எண்ணிக்கை, படுக்க வைத்த பக்கம் ஆகியவற்றை ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதி வைக்கவும். பெயரில் பாகத்தின் பெயரும் தேதியும் இருக்கட்டும். பென் டிரைவிலும் ஒரு காப்பி எடுத்து வைத்திடுங்கள்.

மெஷின் ஓடிக் கொண்டிருக்கும்போதே மற்ற பாகங்களையும் ஒவ்வொன்றாக அளந்து வரைந்து வைப்பது இன்னும் நல்லது. உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து அளப்பதை விட, முழுப் பாகத்தை அளப்பது மிக எளிது. சி.என்.சி. மெஷின் இல்லாதவர்கள் மிக்சியின் குமிழ், டேபிள் ஃபேனின் பட்டன், ஜன்னல் திரையின் கொக்கி என ஏதேனும் ஒன்றில் தொடங்கலாம். ஒரு காலிப்பரும், இன்டர்நெட் இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே முயற்சி செய்து பாருங்கள்.